மலைப்பாதையில் புதிய விதிகள்: பஸ் பிரயாணிக்கு இடம் எங்கே?

கோடை விடுமுறை நெருங்கினால் பெங்களூர்த் தமிழர் வீடுகளில் ஒரு கேள்வி எழும். நேரே சொந்த ஊருக்கே போவதா, அல்லது வழியில் இரண்டு நாள் ஏதாவது ஒரு மலையில் சுவாமி தரிசனம் செய்து, குழந்தைகளுக்கு மானையும் யானையையும் காட்டிவிட்டுப் போவதா? இந்த ஆசைக்கு இடம் கொடுக்கும் மலைகள் தொலைவில் இல்லை. மைசூருக்குத் தெற்கே கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் மூன்றும் சந்திக்கும் பகுதி முழுவதும் மலையும் காடும்தான். எல்லோரும் அறிந்த உதகையும் பந்திப்பூரும் அங்கே இருக்கின்றன. அவ்வளவாகப் பெயர் அடிபடாத பிலிகிரிரங்கன் மலையும், கோபாலசாமி மலையும், மாதேஸ்வரன் மலையும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

ஆனால் சில ஆண்டுகளாக இந்த மலைகளின் அடிவாரத்தில் விதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கின்றன. பந்திப்பூர்க் காட்டைக் கடக்கும் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்கள் போகக் கூடாது என்ற தடை 2009-இல் வந்தது. ஆம்புலன்சுகளுக்கும் ஒரு சில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. சாமராஜநகர் வழியாகக் கோவைக்குப் போகிறவர்கள் இறங்க வேண்டிய திம்பம் மலைப்பாதையில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுத் தடை அமலாயிற்று. 2024 மே 7-ஆம் தேதி முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் அந்த வாகனங்களின் எண்ணிக்கைக்கே வரம்பு கட்டப்பட்டது. அதே ஆண்டு சிக்கமகளூரில் முள்ளய்யனகிரிக்குப் போக முன்பதிவு முறை வந்தது. 2025 நவம்பரில் மைசூர் மாவட்டத்தில் புலி தாக்கி விவசாயிகள் அடுத்தடுத்து இறந்ததும், பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் வனச் சவாரியை நிறுத்தும்படி கர்நாடக அரசு உத்தரவிட்டது.

இவற்றைப் படிக்கும் சாமானிய வாசகருக்கு, மலைகள் நமக்கு மூடப்பட்டு வருகின்றன என்று தோன்றுவது இயல்பு. அந்த எண்ணம் பாதி தவறு, பாதி சரி. எது தவறு, எது சரி என்று பார்ப்பது அவசியம்.

கட்டுப்பாடு ஏன் வந்தது?

கட்டுப்பாடு வீண் கெடுபிடி அல்ல என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2018 ஆகஸ்டில் குடகு மாவட்டத்தில் மலைகள் சரிந்தன. 2020 ஆகஸ்டில், காவேரி பிறக்கும் தலைக்காவேரியிலேயே பிரம்மகிரிச் சரிவு இடிந்து, கோயில் அர்ச்சகரின் வீடு மண்ணுக்குள் போயிற்று. 2021 ஆகஸ்டில் பெங்களூருக்கு வெகு அருகில் நந்தி மலைச் சாலை மண் சரிவில் அறுந்தது. 2024 ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை மலை வெள்ளம் அடித்துச் சென்றது. 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் உண்டு.

கனமழைதான் இவற்றுக்கு முதல் காரணம். ஆனால் சரிவை வெட்டிச் சாலையை அகலப்படுத்துவதும், ஓடைப் பாதையில் விடுதி எழுப்புவதும் மண்ணின் பிடிமானத்தைத் தளர்த்துகின்றன. வாகனம் பெருகினால் சாலை அகல வேண்டும், வாகனம் நிறுத்த இடம் வேண்டும், விடுதி வேண்டும், தண்ணீர் வேண்டும். ஒன்று மற்றொன்றை இழுத்து வருகிறது.

வன விலங்குகளின் நிலையும் இதுவே. பந்திப்பூர், முதுமலை, சத்தியமங்கலம், வயநாடு, பிலிகிரிரங்கன் மலை ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பவை. மாநில எல்லை நமக்குத்தான். யானைக்கு அது கிடையாது. இவற்றின் பெரும்பகுதி 1986-இல் அமைந்த நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் வருகிறது. இந்தியாவில் அமைந்த முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுதான். இந்தக் காட்டின் நடுவே இரவெல்லாம் லாரிகள் ஓடினால் விலங்குகள் அடிபடும். திம்பம் வழக்கில் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட முறையீடும் சக்கரத்தில் சிக்கிச் சாகும் சிறுத்தைகளையும் மான்களையும் பற்றியதுதான்.

ஆக, வரம்பு தேவை. எதற்கு வரம்பு என்பதே கேள்வி.

இடத்தை அடைப்பது யார்?

இ-பாஸ் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் முன் வந்த ஒரு கணக்கு நம் கவனத்துக்கு உரியது. நெருக்கடியான நாட்களில் நீலகிரிக்குள் தினமும் ஏறத்தாழ 20,000 வாகனங்கள் நுழைவதாக அந்தக் கணக்கு சொல்லிற்று. அவற்றில் கார்கள் சுமார் 11,500. இருசக்கர வாகனங்கள் சுமார் 6,500. வேன்கள் 1,300-க்குச் சற்று அதிகம். பஸ்கள்? சுமார் 640.

அதாவது 100 வாகனம் மலை ஏறினால் அதில் பஸ் மூன்று. ஒரு காருக்கு நான்கு பேர் என்று வைத்தால் 11,500 கார்கள் 46,000 பேரை ஏற்றிச் செல்லும். ஒரு பஸ்ஸுக்கு 50 பேர் என்று வைத்தால் 640 பஸ்கள் 32,000 பேரை ஏற்றிச் செல்லும். கார்கள் சுமக்கும் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை, அவற்றின் எண்ணிக்கையில் பதினெட்டில் ஒரு பங்காக உள்ள பஸ்கள் சுமந்துவிடுகின்றன. குன்னூர்ப் பாதையில் நெரிசல் என்றால் அது மனித நெரிசல் அல்ல, கார் நெரிசல் என்பது இதிலிருந்து விளங்கும்.

2025 கோடைக்கு உயர் நீதிமன்றம் விதித்த வரம்பும் இந்த உண்மையை ஒட்டியே அமைந்தது. உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனம், சனி ஞாயிறுகளில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்களுக்கும் உள்ளூர் வாகனங்களுக்கும் இந்த வரம்பு இல்லை. அரசு பஸ்ஸில் போகிறவர் இ-பாஸ் எடுக்கவும் தேவை இல்லை. பஸ்ஸுக்கும் பாஸ் வேண்டும் என்று எண்ணி பிரயாணத்தையே கைவிட்டவர்கள் நம்மிடையே உண்டு. விதியின் நோக்கம் அவர்களைத் தடுப்பது அல்ல.

இந்த உத்தரவை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். டீக்கடைக்காரரும், வாடகைக் கார் ஓட்டுபவரும், கேரட் விற்பவரும் சீசன் இரண்டு மாதத்தில் சம்பாதித்து ஆண்டு முழுவதும் ஓட்டுகிறவர்கள். அவர்கள் கவலையை அலட்சியம் செய்ய முடியாது. ஆனால் அவர்களுக்கு வேண்டியது வாடிக்கையாளர்தான், வாடிக்கையாளரின் கார் அல்ல. 1,000 கார் குறைந்து அதற்கு ஈடாக 80 பஸ் கூடினால் கடைக்கு வருகிறவர் தொகை குறையாது. உத்தரவு கார்களைக் குறைத்தது. ஈடாக எத்தனை பஸ்களை ஏற்ற வேண்டும் என்பதற்கு அதே கண்டிப்புடன் ஒரு கணக்கு வரவில்லை. வியாபாரியும் பிரயாணியும் சேர்ந்து கேட்க வேண்டியது இதைத்தான்.

கோபாலசாமி மலை காட்டும் வழி

இது நடக்கக்கூடியதா என்று சந்தேகப்படுபவர்கள் குண்டலுப்பேட்டைக்கு அருகே போய்ப் பார்க்கலாம். பந்திப்பூர் புலிகள் காப்பகத்துக்குள், 1,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கோபாலசாமி மலை. ஹொய்சள மன்னர் காலத்து வேணுகோபாலர் கோயில் அதன் உச்சியில் இருக்கிறது. பனி மூட்டம் விலகாத மலை என்பதால் ஹிமவத் கோபாலசாமி என்று பெயர்.

ஒரு காலத்தில் கார்கள் உச்சி வரை போயின. இப்போது தனியார் வாகனங்கள் எல்லாம் அடிவாரத்திலேயே நிற்க வேண்டும். கர்நாடக அரசு பஸ்கள் பக்தர்களை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்து விடுகின்றன. மாலைக்குள் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். இரவில் மலை யானைகளுக்கு விடப்படுகிறது.

இதில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. விடுமுறை நாட்களில் பஸ்ஸுக்கு வரிசை நீளும். ஆனால் வரிசையில் விலை உயர்ந்த காரில் வந்தவரும், குண்டலுப்பேட்டையிலிருந்து வாடகை ஆட்டோவில் வந்தவரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். யாருக்கும் கோயில் மூடப்படவில்லை. வாகனத்தைத் தடுத்தும் மனிதரைத் தடுக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிலிகிரிரங்கன் மலையும் சோளகர்களும்

சாமராஜநகர் மாவட்டத்திலேயே கிழக்குப் பக்கம் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறது. கன்னடத்தில் பிலிகிரி என்றால் வெள்ளை மலை. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம் போல அமைந்திருப்பதால் இரு மலைகளின் மரங்களும் பறவைகளும் இங்கே கலந்து காணப்படும். யானை, காட்டெருமை, கரடி, சிறுத்தை, புலி எல்லாம் உண்டு. பாறையின் விளிம்பில் ரங்கநாதர் கோயில். கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் காட்டுக்குள் தொட்ட சம்பிகே என்னும் மிகப் பழமையான சண்பக மரம் தெய்வமாக வணங்கப்படுகிறது.

இந்த மலையின் பூர்வகுடிகள் சோளகர்கள். சத்தியமங்கலம் மலைகளிலும் இவர்கள் வாழ்கிறார்கள். ரங்கநாதர் தங்கள் குலத்துப் பெண் குசுமாலையை மணந்தவர் என்பது அவர்கள் ஐதீகம். அதனால் ஊரார் பெருமாள் என்று கும்பிடும் சுவாமியை அவர்கள் மைத்துனர் முறை வைத்து அழைக்கிறார்கள். சுவாமி காட்டில் நடந்து திரிவதால் அவருக்குப் பெரிய தோல் செருப்பு செய்து காணிக்கை வைக்கும் வழக்கமும் இங்கே உண்டு.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, 1974-இல் இது சரணாலயமானதும் சோளகர்களின் வாழ்வு தலைகீழாயிற்று. வேட்டையும் காடெரித்துப் பயிரிடுவதும் நின்றன. காட்டுக்குள் இருந்த பல குடியிருப்புகள் ஓரத்துக்கு நகர்த்தப்பட்டன. பின்னர் தேனும் நெல்லிக்காயும் சேகரித்து விற்பதற்கும் தடை வந்தது. 2011-இல் மலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டபோது, இனி முழுவதும் வெளியேற்றப்படுவோமோ என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அவர்கள் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தார்கள். 2011 அக்டோபரில் 25 கிராம சபைகளுக்குச் சமுதாய வன உரிமை வழங்கப்பட்டது. ஒரு புலிகள் காப்பகத்துக்குள் இப்படி உரிமை கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. சோளகர்களும் அங்கே இருக்கிறார்கள், புலியும் அங்கே இருக்கிறது.

மலைகளைக் காப்பது என்றால் ஏழைகளை வெளியே நிறுத்துவது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இந்த வரலாறே சாட்சி. ஆனால் இதே மலைக்குப் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு குமாஸ்தாவின் குடும்பத்துக்கு என்ன வசதி இருக்கிறது? காட்டைச் சுற்றிப் பார்த்துத் தங்குவதற்கு அரசே நடத்தும் முகாமில் ஒருவருக்கு ஒரு நாள் கட்டணம் ஆயிரக்கணக்கில் ஆகிறது. நால்வர் குடும்பம் ஓர் இரவு தங்கினால் மாதச் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். அதைக் கொடுக்க முடியாதவர் காலையில் ஏறி, சுவாமியைக் கும்பிட்டு, சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டியதுதான்.

மாதேஸ்வரன் மலை சொல்வது என்ன?

பஸ்ஸும் மலிவான தங்குமிடமும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாதேஸ்வரன் மலை உதாரணம். கொள்ளேகால் வழியாகவும், மேட்டூர், பாலாறு வழியாகவும் பஸ் உண்டு. கன்னடத்தாருக்கு நிகராகச் சேலம், ஈரோடு மாவட்டத்துத் தமிழர்களும் பரம்பரையாகப் போகும் தலம். கோயில் விடுதிகள் உண்டு. தாசோகம் என்னும் அன்னதானம் உண்டு. 2023 ஜூன் 11-இல் கர்நாடக அரசு சக்தி திட்டத்தைத் தொடங்கி, மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்களில் கட்டணம் இல்லை என்று ஆக்கியதும், புண்ணியத் தலங்களுக்குப் போகும் பஸ்களில் கூட்டம் அலைமோதிற்று. கர்நாடக முகவரியில் அடையாள அட்டை வைத்திருக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் இந்தச் சலுகை உண்டு. மாநில எல்லைக்கு அப்பால் இது செல்லாது. கட்டணம் தடையாக இல்லாவிட்டால் வீட்டு வேலை செய்யும் பெண்ணும், ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் நாள் முழுதும் உட்காருபவரும் மலைக்கு வருவார்கள் என்பதை இது காட்டிவிட்டது.

ஆனால் இங்கேயும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. 2025 ஜூன் 26-ஆம் தேதி மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் இறந்து கிடந்தன. புலி அடித்த பசுவின் உடலில் விஷம் வைக்கப்பட்டிருந்தது. குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டியதுதான். அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. காட்டோரத்து விவசாயிக்கு ஒரு பசு என்பது வீட்டின் பாதி வருமானம். நஷ்டஈடு காலத்தில் கைக்கு வராவிட்டால் கோபம் புலியின் மேல் திரும்பும். பந்திப்பூர்ப் பக்கத்திலும், வனச் சவாரி வண்டிகளின் தொந்தரவால்தான் புலிகள் வெளியே வருகின்றன என்று விவசாயிகள் குற்றம் சாட்டினார்கள். நகரத்திலிருந்து புலி பார்க்க வருபவர் கொடுக்கும் பணம் ஓரிடத்துக்கும், புலியால் வரும் நஷ்டம் வேறிடத்துக்கும் போகும் வரையில் காட்டோரத்தில் அமைதி வராது.

செய்ய வேண்டியவை

இரு மாநில அரசுகளும் இதில் செய்யக்கூடியவை பல. கோபாலசாமி மலையின் முறையை மற்ற மலைகளுக்கும் படிப்படியாகக் கொண்டுவரலாம். அடிவாரத்தில் வாகன நிறுத்தம், அங்கிருந்து அரசு பஸ் என்பது உதகைக்கும் நந்தி மலைக்கும் ஒவ்வாத திட்டம் அல்ல. விடுமுறை நாட்களுக்கு வாகன வரம்பு அறிவிக்கும்போதே கூடுதல் பஸ்களின் எண்ணிக்கையையும் அறிவிக்க வேண்டும்.

முன்பதிவை இணையத்தில் மட்டும் வைப்பது, ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளியைப் பின்னுக்குத் தள்ளுவதாகும். கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் பதிவு திறந்த சில நிமிஷங்களில் இடங்களைப் பிடிக்கும் சாமர்த்தியமும் ஓய்வும் எல்லோருக்கும் இல்லை. ஒரு பங்கு இடங்களைப் பஸ் நிலையக் கவுண்டரில் நேரில் வருபவர்களுக்கு ஒதுக்கலாம். வனத்துறையும் கோயில் நிர்வாகங்களும் மலிவான பொது விடுதிகள் நடத்தலாம். அதற்குப் புதிதாக மலையை வெட்ட வேண்டாம், அடிவாரத்து ஊர்களிலேயே போதும். அந்த ஊர்க்காரருக்கும் பிழைப்பு கிடைக்கும்.

நம் பங்கு

உரிமை கேட்பவர்களுக்குக் கடமையும் உண்டு. காட்டுச் சாலையில் இறங்கி நின்று படம் எடுப்பது, குரங்குக்குத் தீனி போடுவது, நெகிழிப் பையில் சோறு கட்டிக் கொண்டுபோய் அங்கேயே எறிவது, கோயில் பக்கத்தில் ஒலிபெருக்கியை அலற விடுவது ஆகியவை காரில் போகிறவர்கள் மட்டும் செய்யும் பிழைகள் அல்ல. தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு நாளைக்கு இன்னொருவர் வீட்டுக் குழந்தையைக் கடிக்கும். நீலகிரியில் நெகிழிப் பொருள்களுக்கு நெடுநாளாகத் தடை இருக்கிறது. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுபோவது செலவுக்கும் நல்லது.

முடிந்தவர்கள் சனி ஞாயிறை விட்டு, வாராந்திர விடுமுறை மாறி வரும் நாளில் புறப்படலாம். பந்திப்பூர், திம்பம் பாதைகளில் போகிறவர்கள் பகலிலேயே காட்டைக் கடந்துவிடும்படி நேரத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். மலையிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். விதிகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், புறப்படுமுன் விசாரித்துவிடுவது நல்லது.

மலைகளின் தாங்குதிறன் எவ்வளவு என்று ஆராயும் பொறுப்பை நீதிமன்றம் சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் கொடுத்திருக்கிறது. மலை எத்தனை வாகனம் தாங்கும் என்பதோடு, அந்த வாகனங்களில் எத்தனை பஸ்ஸாக இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். இனி வரும் ஒவ்வொரு கோடையின் உத்தரவிலும் அந்த இரண்டாவது எண் இடம்பெறுகிறதா என்பதைத்தான் பஸ்ஸில் போகும் நாம் கவனித்து வர வேண்டும்.